15 மாதத்தில் நர்ஸ்: ஒரு கடிதம், ஒரு பதில்

அன்புள்ள சார்,

எனக்கு 34 வயது. கோவையில் பி.இ. முடித்து, கொஞ்ச காலம் சாப்ட்வேர் வேலை பார்த்து, கல்யாணமாகி டாலஸ் பக்கம் வந்தேன். விசா காரணமாகப் பல வருடம் வேலைக்குப் போக முடியவில்லை. போன வருடம் கிரீன் கார்டு வந்தது. மறுபடி ஐ.டி.க்குள் நுழைய முயன்றேன், நடக்கவில்லை. இங்கே வேறு டிகிரி வைத்திருப்பவர்கள் 15 மாதத்தில் நர்சிங் பட்டம் வாங்கும் ஏ.பி.எஸ்.என். என்ற துரிதப் படிப்பு இருக்கிறது. ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் விசாரித்தேன். கட்டணம் எழுபதாயிரம் டாலருக்கு மேல். எப்போது சேர்கிறீர்கள் என்று தினமும் போன் வருகிறது.

அம்மா, "இன்ஜினியரிங் படிக்க வைத்தது பெட்பேன் தூக்கவா?" என்று அழுகிறார். கணவர் உன் இஷ்டம் என்கிறார். எனக்கு நானே சொல்லிக்கொள்ளும் சமாதானம் இதுதான்: இரண்டு வருடம் வார்டில் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டால், அப்புறம் நர்ஸ் பிராக்டிஷனர் (டாக்டர் மாதிரி நோயாளியைப் பார்த்து மருந்து எழுதும் மேல்நிலை நர்ஸ்) படித்து வெளியே வந்துவிடலாம், அந்த மாதிரி வேலையெல்லாம் ரொம்ப நாள் செய்ய வேண்டியிருக்காது. இவ்வளவு செலவு செய்வது சரியா? 15 மாதத்தில் படித்தவர்களை ஆஸ்பத்திரிகள் மதிக்குமா? உங்கள் அக்கா மகள் டெக்சாஸில் நர்ஸாக இருப்பதாக எழுதியிருந்தீர்கள், அதனால்தான் கேட்கிறேன்.

கா.

அன்புள்ள கா.,

எதில் சேரலாம், எதைப் படிக்கலாம் என்று கேட்டு வரும் கடிதங்களுக்கு நான் பதில் போடுவதில்லை. உங்கள் கடிதம் வந்த வாரம் ஒரு உறவினருக்குத் துணையாக ஆஸ்பத்திரியில் இருந்தேன். அங்கே டாக்டர் வந்தால் எழுந்து நிற்கிற எங்கள் சொந்தக்காரர்கள், ராத்திரி முழுக்க நின்ற பெண்ணை "ஏம்மா, இங்க வா" என்று விரல் சொடுக்கிக் கூப்பிட்டார்கள். அது மனதில் கிடந்து அரித்துக்கொண்டிருக்கிறது. அதனால் எழுதுகிறேன்.

முதலில் நீங்கள் கேட்டதை முடித்துவிடலாம். மதிப்பார்கள். இந்தப் படிப்பு நேற்று முளைத்ததில்லை, செயின்ட் லூயிஸ் பல்கலைக்கழகத்தில் 1971லேயே தொடங்கிவிட்டார்கள். 15 மாதத்தில் படித்தவர், நான்கு வருடம் படித்தவர், கம்யூனிட்டி காலேஜில் இரண்டு வருட அசோசியேட் டிகிரி வாங்கியவர் எல்லோரும் எழுதுவது ஒரே என்கிளெக்ஸ் பரீட்சை, கிடைப்பது ஒரே ஆர்.என். (பதிவு பெற்ற நர்ஸ்) லைசென்ஸ். 2024 மே மாத அரசுக் கணக்குப்படி அமெரிக்காவில் நர்ஸ்களில் பாதிப் பேர் வருடத்துக்கு 93,600 டாலருக்கு மேல் வாங்குகிறார்கள், மீதிப் பாதி அதற்குக் கீழே. கடனையும் வட்டியையும் இதோடு வைத்து நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள், நான் கணக்கில் வீக்.

ஆனால் அந்த 15 மாதத்தை நம்பாதீர்கள். என் அக்கா மகள் பி.காம். படித்துவிட்டு இதே படிப்புக்குப் போனவள். உள்ளே நுழைவதற்கு முன்பே அனாடமி-பிசியாலஜி இரண்டு பகுதி, மைக்ரோபயாலஜி, கெமிஸ்ட்ரி, ஸ்டாட்டிஸ்டிக்ஸ், நியூட்ரிஷன், சைக்காலஜி என்று வரிசையாக முடிக்கச் சொன்னார்கள். பி.இ. முதல் வருடத்தில் கெமிஸ்ட்ரி படித்தேனே என்று மார்க் ஷீட்டை நீட்டினால், பல இடங்களில் பழைய பாடம் செல்லாது என்பார்கள், கடைசி ஐந்தாறு வருடத்துக்குள் படித்திருக்க வேண்டும். அவளுக்கு இதற்கே ஒன்றரை வருடம் ஆனது. போனில் கூப்பிடுகிறவர் இதை மெதுவாகத்தான் சொல்வார். இப்படிப் பல படிப்புகளுக்கு ஆள் சேர்த்துக் கொடுப்பது வெளிக் கம்பெனிகள், கட்டணத்தில் அவர்களுக்குப் பங்கு உண்டு. அவரிடம் மூன்று விஷயம் கேளுங்கள். நர்சிங் படிப்புகளின் தரத்தைப் பார்க்கும் சி.சி.என்.இ. அல்லது ஏ.சி.இ.என். அமைப்பின் அங்கீகாரம் இருக்கிறதா, என்கிளெக்ஸில் முதல் தடவையே எத்தனை பேர் பாஸ், க்ளினிக்கல்ஸுக்கு, அதாவது வார்டில் செய்யும் பயிற்சிக்கு, ஆஸ்பத்திரி பிடித்துத் தருவது யார். பாஸ் விகிதத்தை அவர் வாயால் கேட்டு நம்ப வேண்டாம், டெக்சாஸ் நர்சிங் போர்டே ஒவ்வொரு பள்ளிக்கும் வெளியிடுகிறது. 2023 ஜனவரியில் ஃபுளோரிடாவில் 7,600க்கும் மேற்பட்ட போலி நர்சிங் டிப்ளமோக்களை விற்ற கும்பலைப் பிடித்தார்கள். எல்லோரும் அப்படி என்று சொல்லவில்லை. அவசரத்தில் இருப்பவர்களைத் தேடித்தான் ஏமாற்றுகிறவன் வருவான். இன்னொன்று, ஏற்கனவே ஒரு பட்டம் இருப்பவர்களுக்கு, அது இந்தியப் பட்டமாக இருந்தாலும், இந்த மாதிரிப் பட்டப் படிப்புக்குப் பெல் கிராண்ட் என்கிற, திருப்பிக் கட்ட வேண்டாத அரசு உதவித்தொகை கிடையாது. கிரீன் கார்டு இருப்பதால் அரசுக் கடன் கிடைக்கும், அதற்கும் உச்சவரம்பு உண்டு.

உங்கள் கேள்விக்கு என்னிடம் இருப்பது இவ்வளவுதான். இனி என் கோபம்.

அம்மா சொன்னதை விடுங்கள். அந்தத் தலைமுறை அப்படித்தான் பேசும். வேலூரில் 1909ல் சி.எம்.சி.யை உருவாக்கிய ஐடா ஸ்கடர் நர்சிங் பள்ளி தொடங்கி, 1946லேயே அது பட்டப் படிப்பு ஆகிவிட்டது என்று வேண்டுமானால் சொல்லிப் பாருங்கள், ஒன்றும் நடக்காது. எனக்கு உறுத்துவது நீங்கள் உங்களுக்கே சொல்லிக்கொண்ட சமாதானம்தான். அம்மா அழுதுகொண்டு சொன்னதையே நீங்கள் நாசூக்காகச் சொல்லியிருக்கிறீர்கள். எழுபதாயிரம் டாலர் கடன் வாங்கி, குடும்பத்தை இரண்டு வருடம் அல்லாட விட்டு, ஒரு தொழிலுக்குள் போகிறீர்கள். அந்தத் தொழிலின் நடு வேலையை இப்போதே அருவருக்கிறீர்கள். இதை யாராவது உங்களிடம் கொஞ்சம் கடுமையாகச் சொல்லியாக வேண்டும்.

என் அத்தை, அப்பாவின் தங்கை, அரசு ஆஸ்பத்திரியில் ஸ்டாப் நர்ஸ். தென் மாவட்டத்தில் ஒரு தாலுகா ஊர். 40 கட்டில் வார்டுக்கு நைட் ட்யூட்டியில் அவள் ஒருத்தி. அப்பாவின் காலேஜ் பீஸ், சித்தப்பாவின் ஹாஸ்டல், தாத்தாவின் கடன், எல்லாம் அவள் சம்பளத்தில்தான் நடந்தது. ஆனால் ட்யூட்டி முடிந்து வந்தால் கொல்லைப்புறம் வழியாகத்தான் வர வேண்டும், தலைக்குக் குளிக்காமல் அடுப்படிக்குள் கால் வைக்கக் கூடாது. பாட்டியின் சட்டம். மாப்பிள்ளை வீட்டாரிடம் "பொண்ணு கவர்மென்ட் உத்தியோகம்" என்று மட்டும் சொன்னார்கள். என்ன உத்தியோகம் என்று தெரிந்ததும் இரண்டு இடம் தட்டிப் போனது. மாதம் பிறந்தால் அவள் கவர் எப்போது வரும் என்று மட்டும் எல்லோருக்கும் தெரியும். அந்தப் பணத்துக்கு யாரும் தண்ணீர் தெளிக்கவில்லை.

தாத்தா வாதம் வந்து படுத்தபோது அத்தை லீவு போட்டு வந்தாள். நாங்கள் எல்லோரும் நன்றாகப் பார்த்துக்கொள்வதாகத்தான் நினைத்திருந்தோம். வேளைக்குக் கஞ்சி, மருந்து, பார்க்க வருகிறவர்களுக்குக் காபி. அத்தை வந்த அன்றே வெந்நீர் வைத்து அவரைத் துடைக்க உட்கார்ந்தாள். ஒரு பக்கமாகப் புரட்டி, முதுகுத்தண்டு முடிகிற இடத்தில் புறங்கையை வைத்தாள். அப்பாவைக் கூப்பிட்டு அவர் கையையும் அங்கே வைக்கச் சொன்னாள். சுற்றி இருக்கிற தோலைவிட அந்த இடம் சூடாக, கொஞ்சம் கெட்டியாக இருந்தது. வெள்ளைக்காரத் தோலில் சிவந்து காட்டும், விரலால் அழுத்தினால் வெளுக்காது, அப்படியென்றால் படுக்கைப் புண் ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். நம் நிறத்தில் சிவப்பு எங்கே தெரியும், கை வைத்துத்தான் பார்க்க வேண்டும். டாக்டர் வாரம் ஒரு தடவை வந்துபோனார், நல்ல டாக்டர்தான். அவர் தாத்தாவைப் புரட்டிப் பார்த்ததே இல்லை. அத்தை அலாரம் கடிகாரம் ஒன்றைக் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்து, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்ட வேண்டும் என்று வீட்டு ஆண்களுக்கு முறை போட்டாள். சித்தப்பா முகம் சுளித்தார். "உன் ஹாஸ்டல் சாப்பாடு இந்தக் கையில வந்ததுதான்டா" என்று கேட்டாள் பாருங்கள், அந்த வீட்டில் அவள் குரல் உயர்ந்து நான் கேட்டது அன்றுதான்.

நீங்கள் "அந்த மாதிரி வேலை" என்று தள்ளி வைப்பது இதைத்தான். ஒருவரைத் துடைத்துவிடும் பத்து நிமிடத்தில் என்னவெல்லாம் தெரியும் என்று அக்கா மகள் ஒரு நாள் சொல்லிக்கொண்டே போனாள். மூச்சு வாங்குகிறதா, ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கியிருக்கிறதா, சிறுநீரின் நிறம் மாறியிருக்கிறதா, நேற்று ஒழுங்காகப் பேசியவர் இன்று சம்பந்தமில்லாமல் பேசுகிறாரா. மானிட்டர் கத்துவதற்குப் பல மணி நேரம் முன்னால் உடம்பு சொல்லிவிடும், கேட்க ஆள் வேண்டும் என்பாள். அமெரிக்காக்காரன் இதற்கு விலையே போட்டுவிட்டான். ஆஸ்பத்திரியில் இருக்கும்போது வந்த மூன்றாம், நான்காம் கட்டப் படுக்கைப் புண்ணுக்கு 2008 அக்டோபரிலிருந்து மெடிகேர், அதாவது வயதானவர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடு, கூடுதல் பணம் தருவதில்லை. முதுகைப் புரட்டிப் பார்க்காததன் செலவு இப்போது ஆஸ்பத்திரியின் தலையில்.

படித்த நர்ஸ்கள் எதற்கு என்பதற்கும் ஒரு ஆய்வு உண்டு. லிண்டா ஐக்கன் என்பவரும் சகாக்களும் பென்சில்வேனியாவின் 168 ஆஸ்பத்திரிகளில், அறுவைசிகிச்சை செய்துகொண்ட நோயாளிகளை வைத்துச் செய்தது, 2003ல் வந்தது. பட்டம் பெற்ற நர்ஸ்களின் பங்கு 10 சதவீதம் கூடினால் நோயாளி 30 நாளில் இறக்கும் வாய்ப்பு 5 சதவீதம் குறைவதோடு தொடர்பு இருந்தது. சிக்கல் வருவதைத் தடுப்பது ஒன்று, வந்த சிக்கலைச் சீக்கிரம் பிடித்து ஆளைக் காப்பாற்றுவது இன்னொன்று, இந்த இரண்டாவதிலும் அதே வித்தியாசம் தெரிந்தது. நர்ஸ்களின் அனுபவ வருடங்களுக்குத் தனியாகப் பெரிய பங்கு எதுவும் இல்லை என்றும் அதிலேயே வந்தது. அத்தை கேட்டிருந்தால் சிரித்திருப்பாள், நானும் அதை அரை மனதோடுதான் ஏற்கிறேன். எப்படியோ, ஆஸ்பத்திரிகள் பி.எஸ்.என். என்கிற நர்சிங் பட்டத்தைக் கேட்பதற்கு இந்த மாதிரி ஆய்வுகளும் ஒரு காரணம்.

துடைப்பது, புரட்டுவதெல்லாம் அமெரிக்காவில் சி.என்.ஏ. என்கிற உதவியாளர்கள் பார்த்துக்கொள்வார்களே என்பீர்கள். பார்த்துக்கொள்வார்கள், ஆள் இருந்தால். கலிபோர்னியாவில் சாதாரண வார்டில் ஒரு நர்ஸுக்கு ஐந்து நோயாளிக்கு மேல் கூடாது என்று சட்டம் இருக்கிறது. டெக்சாஸில் அப்படி எண்ணிக்கை போட்ட சட்டம் இல்லை. சி.என்.ஏ. வராத ராத்திரி என்றால் அக்கா மகள் போனில் பேசும் விதத்திலேயே எனக்குத் தெரிந்துவிடும். இருந்தாலும், கூடவே நின்று ஒரு கை பிடிக்கிற நர்ஸிடம்தான் சி.என்.ஏ. எதையும் வந்து சொல்வாள் என்கிறாள் அவள். தள்ளி நிற்கிறவளிடம் சார்ட்டில் எழுதுவதோடு சரி.

அதனால் ஒரு காரியம் செய்யுங்கள். எந்தப் படிவத்திலும் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் நீங்களே சி.என்.ஏ. பயிற்சிக்குப் போங்கள். மத்திய அரசு விதிப்படி குறைந்தது 75 மணி நேரம், மாநிலத்தைப் பொறுத்துக் கூடும். முடித்து ஒரு நர்சிங் ஹோமில் மூன்று மாதம் வேலை பாருங்கள். சம்பளம் குறைவு, இடுப்பு வலிக்கும். ஞாபகமறதி வந்த ஒரு கிழவி உங்களைத் தன் மகள் என்று நினைத்துத் திட்டுவாள். அந்த மூன்று மாதத்துக்கு அப்புறமும் போக வேண்டும் என்று தோன்றினால் தாராளமாகப் போங்கள், எழுபதாயிரம் டாலரும் தகும். பல்லைக் கடித்துக்கொண்டுதான் நாள் போகிறது என்றால் விட்டுவிடுங்கள், உங்களுக்கும் நல்லது, படுத்திருப்பவருக்கும் நல்லது. இதில் அவமானம் எதுவுமில்லை. எல்லோராலும் முடியாது. என்னால் முடியாது.

நர்ஸ் பிராக்டிஷனர் பற்றிய பேச்சை நான் தொடவே இல்லை என்று தெரிகிறது. இப்போது வேண்டாம். வார்டிலிருந்து தப்பிக்க அதைப் படிக்கிறவரிடம் நான் என் பிரஷரைக் காட்ட மாட்டேன்.

கம்யூனிட்டி காலேஜ் வழியையும் தள்ளிவிடாதீர்கள். இரண்டு வருடத்தில் ஆர்.என்., அப்புறம் வேலை பார்த்துக்கொண்டே பி.எஸ்.என்., பல ஆஸ்பத்திரிகள் அந்தக் கட்டணத்தில் ஒரு பங்கைத் தருகின்றன. துரிதப் படிப்பில் படிக்கும்போது வேலைக்குப் போக முடியாது, போக வேண்டாம் என்று அவர்களே சொல்வார்கள். உங்களுக்குக் கிட்டத்தில் இருக்கும் காலேஜில் அனாடமி வகுப்பும் சி.என்.ஏ. வகுப்பும் அனேகமாக இரண்டுமே இருக்கும், இரண்டுக்கும் சேர்த்து ஆகும் செலவு அந்தப் பல்கலைக்கழகத்தின் ஒரு செமஸ்டர் கட்டணத்துக்குப் பக்கத்தில்கூட வராது. அடுத்த செமஸ்டருக்கு அங்கே பெயரைக் கொடுங்கள். தினமும் போன் செய்கிறவரிடம் அடுத்த வருடம் கூப்பிடச் சொல்லுங்கள். கூப்பிடுவார், கவலைப்படாதீர்கள்.