விளக்கு அணைந்தும் நிற்காத மோட்டர்

கேள்வி: வீட்டுக் கிணற்றில் 1 குதிரைவலு மோட்டர் இருக்கிறது. தாங்கி நிரம்பியதும் தானாக நிற்கட்டும் என்று ஒரு ஆர்டுயினோவும் (புரோகிராம் எழுதி ஓட்டும் சின்னக் கட்டுப்பாட்டு போர்டு) நீல நிற 5 வோல்ட் ரிலே போர்டும் வாங்கிப் பூட்டினேன். கொஞ்சக் காலம் நன்றாக ஓடியது. இப்போது ரிலே விளக்கு அணைந்த பிறகும் மோட்டர் ஓடுகிறது, மெயினை நிறுத்தினால்தான் நிற்கிறது. ரிலேயில் 10 அம்பியர் என்று போட்டிருக்கிறது, மோட்டர் எடுப்பதோ 6 அம்பியர்தான். என்ன பிழை?
வாசகர், கோப்பாய்

பதில்: ரிலேக்குள் இருக்கும் தொடுமுனை உருகி ஒட்டிவிட்டது, தம்பி. மெயினை நிறுத்தி, ரிலேயில் இருந்து வயர்களைக் கழற்றிவிட்டு மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள், போர்டுக்குக் கரண்டே கொடுக்காமல் இரண்டு முனையும் தொடர்பு காட்டும். அந்த 10 அம்பியர் என்பது ஹீட்டர் மாதிரியான சுமைக்குச் சொன்ன கணக்கு. மோட்டர் கிளம்பும் அந்தக் கணத்தில் ஓடும் கரண்டைப்போல ஐந்து ஆறு மடங்கு இழுக்கும், அதாவது உங்களுடையது 30 அம்பியருக்கும் மேலே போகும், அதே நேரத்தில்தான் தொடுமுனையும் மூடும்போது துள்ளித் துள்ளிப் பொறி கக்குகிறது. ஒருநாள் ஒட்டத்தான் செய்யும்.

மோட்டரை நேரே ஓட்ட இன்னொரு நீல ரிலே வாங்கிப் போடாதீர்கள். மோட்டர் மாதிரியான சுமைக்கென்றே செய்த பெரிய ரிலேயான கொன்டாக்டர் ஒன்று வாங்குங்கள், 230 வோல்ட் காயில் (அதை இழுத்து மூடும் மின்காந்தச் சுருள்), ஏசி-3 என்ற மோட்டர் வகையில் 12 அம்பியர். ஒட்டிய ரிலேயை மாற்றிப் போடும் புதிய சின்ன ரிலே அதன் காயிலை மட்டும் போட்டு நிறுத்தட்டும், மோட்டரின் கரண்ட் முழுக்கக் கொன்டாக்டர் வழியே போகட்டும். கொன்டாக்டர் மூடிய பிறகு காயில் எடுப்பது 100 மில்லி அம்பியருக்கும் குறைவு, ரிலேக்கு அது ஒன்றுமே இல்லை. கரண்ட் மிஞ்சினால் மோட்டரை வெட்டும் ஓவர்லோட் ரிலேயும் சேர்த்துப் பூட்டி, மோட்டர் தகட்டில் உள்ள அம்பியருக்குத் திருகி வையுங்கள்.

கொன்டாக்டர் விடும்போது ஆர்டுயினோ ரீசெட் ஆகலாம். அதற்குக் காயிலுக்குக் குறுக்கே 100 ஓம் ரெசிஸ்டரும் 0.1 மைக்ரோஃபராட் எக்ஸ்2 (மெயின் லைனுக்குக் குறுக்கே போடத் தகுந்த வகை) கப்பாசிட்டரும் தொடராகப் போடுங்கள். டயோட் மட்டும் அங்கே வேண்டாம், ஏசியில் அது ஷோர்ட் ஆகிவிடும்.

இப்படியான ரிலே போர்டுகளில் பல, ஆர்டுயினோவின் பின் (வயர் பூட்டும் முனை) 0 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால்தான் இழுக்கும். ஆகவே புரோகிராமில் முதலில் பின்னை உயர்த்தி எழுதி, அப்புறம் அவுட்புட் ஆக்குங்கள். இல்லையென்றால் கரண்ட் போய் வரும் ஒவ்வொரு முறையும் மோட்டர் ஒருதரம் துடிக்கும்.

ஈரக் கிணற்றடியில் நிற்கிற மோட்டர் இது, உடலுக்கு எர்த், லைனில் கரண்ட் கசிந்தால் வெட்டும் 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச், இந்த இரண்டும் இல்லாமல் தயவுசெய்து தொடவே வேண்டாம். 230 வோல்ட் பக்கத்தை லைசென்ஸ் உள்ள ஒரு எலக்ட்ரீஷியனைக் கொண்டு செய்விப்பதுதான் என் விருப்பம்.

கிணற்றுக்குள்ளும் 230 வோல்ட் தாங்கும் ஒரு மிதவைச் சுவிட்சை விட்டு, கொன்டாக்டர் காயிலுக்குத் தொடராகக் கோத்துவிடுங்கள். கோடையில் தண்ணீர் இறங்கி மோட்டர் வெறுமையாக ஓடினால் சீல் கருகிவிடும், ஆர்டுயினோ உறைந்துபோய் நின்றாலும் மிதவை காயிலை வெட்டிவிடும்.