வாசகர் கேள்வி-பதில்: சாணக்கியபுரிச் சுவரில் உள்ள பெயர்கள்

கேள்வி: எட்டாவது படிக்கும் என் மகள் பள்ளி அசெம்பிளியில் அக்டோபர் 21, காவலர் வீரவணக்க நாள் பற்றிப் பேசப் போகிறாள். ஏன் அந்தத் தேதி என்று கேட்கிறாள். எனக்கும் தெரியவில்லை அக்கா. (வாசகி, மயூர் விஹார்)

பதில்: லடாக்கில் ஹாட் ஸ்பிரிங்ஸ் என்று ஓர் இடம், 1959. சீன எல்லை என்றால் இன்று நமக்கு ராணுவம்தான் கண்ணில் வரும், ஆனால் அப்போது அங்கே காவல் நின்றது போலீஸ்காரர்கள். அக்டோபர் 20 அன்று மூன்று குழுக்கள் ரோந்து கிளம்பின. இரண்டு திரும்பிவிட்டன. மூன்றாவதில் போன இரண்டு காவலர்களும் கூடப் போன சுமைதூக்கியும் வரவே இல்லை. மறுநாள், அதாவது 21-ஆம் தேதி, கரம் சிங் என்ற அதிகாரி இருபது பேர் போல அழைத்துக்கொண்டு அவர்களைத் தேடிப் போனார், அவர் குதிரையில், மற்றவர்கள் நடந்து. நடுப்பகல் வாக்கில் குன்றின் மேலிருந்து சீனப் படையினர் சுட, பத்துப் பேர் உயிரிழந்தார்கள். உடல்கள் கைக்கு வந்தது நவம்பர் 13-ஆம் தேதி. மூன்று வாரத்துக்கும் மேல் அந்த வீடுகளில் எப்படி இருந்திருப்பார்கள் என்று நினைத்தால் எனக்கு இப்போதும் தொண்டை அடைக்கிறது.

மகள் எதை விட்டாலும் அவர்கள் காணாமல் போனவர்களைத் தேடிப் போனவர்கள் என்பதை விடாமல் சொல்லட்டும். அப்புறம் இன்னொன்று. முந்தைய ஆண்டு செப்டம்பர் 1 முதல் அந்த ஆண்டு ஆகஸ்ட் 31 வரை பணியில் உயிரிழந்த காவலர்களின் பெயர்களை அன்று அணிவகுப்பில் வாசிப்பார்கள். டெல்லியில் நிற்கும் காவலர், பார்த்தே இராத மணிப்பூர்க்காரரின் பெயருக்கும் அசையாமல் நிற்பார்.

கேள்வி: டெல்லி சாணக்கியபுரியில் போலீஸ் நினைவிடம் இருக்கிறதாமே, நம்மைப் போன்றவர்களை உள்ளே விடுவார்களா? (வாசகர், ஆர்.கே.புரம்)

பதில்: தாராளமாக. உங்களுக்கு மலை மந்திரிலிருந்து ஆட்டோவில் கொஞ்ச தூரம்தான். 2018 அக்டோபர் 21 அன்று திறந்தார்கள். நடுவில் நிற்பது 30 அடி உயரக் கருங்கல், எடை 238 டன். கீழே அருங்காட்சியகமும் இருக்கிறது, குழந்தைகளைக் கூட்டிப் போங்கள். ஆனால் நேரத்தைச் செலவழிக்க வேண்டியது பெயர்கள் செதுக்கிய சுவரில்தான். சுதந்திரத்துக்குப் பிறகு பணியில் உயிர்விட்டவர்கள், திறந்த அன்றைய கணக்குக்கே 34,844 பேர்.

நான் போன அன்று வயதான அம்மா ஒருவர், ராஜஸ்தான் பக்கம் என்று சேலைக்கட்டைப் பார்த்தால் தெரிந்தது, பேத்தி படிக்கப் படிக்க விரலை நகர்த்திக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் பேத்தி நிறுத்தினாள். அந்தம்மா அழவில்லை. முந்தானை நுனியால் அந்த எழுத்துகளின் பள்ளத்தில் இருந்த தூசியைத் துடைத்தார், வீட்டில் சாமி படத்தைத் துடைப்போமே அப்படி. வழியில் நிற்கக் கூடாதென்று நான் சற்றே தள்ளிப் போனேன். நீங்கள் போகும்போது குறைந்தது பத்துப் பெயரையாவது வாய்விட்டுப் படியுங்கள்.

கேள்வி: நாடாளுமன்றத் தாக்குதலில் ஒரு பெண் காவலரும் இறந்தார் அல்லவா? பெயரே யாருக்கும் நினைவில்லை. (வாசகர், கரோல் பாக்)

பதில்: கமலேஷ் குமாரி. சி.ஆர்.பி.எஃப். கான்ஸ்டபிள், இரண்டு பெண் குழந்தைகளின் தாய். 2001 டிசம்பர் 13 அன்று வாயிலில் பணியில் இருந்தார், கையில் துப்பாக்கி கிடையாது. உள்துறை ஸ்டிக்கர் ஒட்டிய வெள்ளை அம்பாசிடர் காரில் வந்தவர்கள் மேல் முதலில் சந்தேகப்பட்டவர்களில் அவர் ஒருவர். கூச்சலிட்டு மற்றவர்களை எச்சரித்தார், சுட்டுக் கொன்றுவிட்டார்கள். அமைதிக் கால வீரத்துக்கான உயரிய விருதான அசோக சக்ரா கொடுத்தார்கள், சரி. ஆனால் ஆயுதம் இல்லாமல் நின்றவர் ஓடி ஒளியாமல் குரல் கொடுத்தாரே, அந்தக் குரலால் எத்தனை பேருக்குக் கதவை அடைக்க நேரம் கிடைத்திருக்கும்! அன்று டெல்லி போலீசில் ஐந்து பேர், நாடாளுமன்றப் பாதுகாவலர்கள் இரண்டு பேர், தோட்ட வேலை பார்த்த ஒருவர் என்று இன்னும் எட்டுப் பேர் போனார்கள். டிசம்பர் 13 வரும்போது அவர்களையும் சேர்த்தே நினையுங்கள்.

கேள்வி: எங்கள் பிளாக்கில் ஒரு தமிழ்க் குடும்பம். அவர் துணை ராணுவத்தில் இருந்து போன வருஷம் இறந்துவிட்டார். அந்தப் பெண்ணிடம் என்ன பேசுவது என்று தெரியாமல் ஒதுங்கியே போகிறேன். தப்பா அக்கா? (வாசகி, துவாரகா)

பதில்: தப்பென்று சொல்ல மாட்டேன், ஆனால் இனி ஒதுங்காதீர்கள். முதல் பதினாறு நாள் கூட்டம் இருக்கும், மாலை வரும், அதிகாரிகள் வருவார்கள். ஒரு வருஷம் கழித்துத்தான் வீடு வெறிச்சென்று ஆகும். பண உதவி செய்ய நினைப்பவர்களுக்கு மத்தியப் படையினர் குடும்பங்களுக்காக உள்துறை 2017-இல் தொடங்கிய 'பாரத் கே வீர்' இணையதளம் இருக்கிறது, அதில் நேரடியாகச் செலுத்தலாம். பக்கத்து வீட்டுக்காரரின் வேலை வேறு.

நான் முன்பு குடியிருந்த இடத்திலும் இப்படி ஒரு தங்கச்சி இருந்தாள், தேனிப் பக்கம். ஒரு பிளாஸ்டிக் கவரில் அத்தனை கடிதமும் வைத்திருந்தாள், எல்லாம் இந்தியில். ஒரு வங்கியில் அவளை நாலு முறை அலைக்கழித்தார்கள், என்ன தாள் குறைகிறது என்று புரிகிற மாதிரி யாரும் சொல்லவில்லை. ஒரு சனிக்கிழமை காலை அவள் வீட்டுத் தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு கடிதமாகப் படித்துத் தமிழில் மேலே எழுதிக் கொடுத்தேன், 'இது பென்ஷன்', 'இது பிள்ளை படிப்புக்கு' என்று. மதியம் ஆகிவிட்டது. முடிந்ததும் ரசம் சோறு போட்டாள், சாப்பிடும்போது அவளாகவே அவரைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள், லீவில் வந்தால் காலையிலேயே சைக்கிளில் போய் மீன் வாங்கி வருவாராம். நீங்களும் போய் அவர் பெயரைச் சொல்லி, எந்த ஊர், எப்படி இருப்பார் என்று கேளுங்கள். அவள் பேசுவாள்.