ஸ்கேன் செய்துவிட்டால் பழைய கோப்புகளை அழித்துவிடலாமா?

கேள்வி: எங்களுடையது சிறிய அருங்காட்சியகம். ஆவண மேலாண்மைக் கொள்கை எழுதும் பொறுப்பை நிர்வாகக் குழு என் தலையில் வைத்திருக்கிறது. எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து, காகிதங்களை அழித்து, கொள்கையையும் தாங்களே எழுதித் தருவதாக ஒரு நிறுவனம் சொல்கிறது. ஒப்புக்கொள்ளலாமா? எதை எத்தனை வருடம் வைக்க வேண்டும்?

பதில்: முதலில் அவர்கள் நீட்டும் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். ஸ்கேன் செய்வது நல்ல வேலைதான், தாராளமாகச் செய்யுங்கள். ஆனால் காகிதத்தை அழிப்பது வேறு முடிவு. இரண்டையும் ஒரே ஒப்பந்தத்தில் சேர்த்துக் கட்டுகிறவர்களுக்குப் பக்கக் கணக்கில்தான் காசு, எந்தத் தாள் எதற்குச் சான்று என்று பார்க்க அவர்களுக்கு நேரமும் கிடையாது, அக்கறையும் கிடையாது. ஒரு பழைய நன்கொடைக் கடிதத்தை நினைத்துப் பாருங்கள். முன்பக்கம் 'இந்தச் சிலையைத் தருகிறேன்' என்று இருக்கும். பின்பக்கம் அன்றைய காப்பாளர் 'தம்பியின் சம்மதம் இன்னும் வரவில்லை' என்று பென்சிலால் எழுதி வைத்திருப்பார். முன்பக்கத்தை மட்டும் ஸ்கேன் செய்துவிட்டு மூலத்தைக் கிழித்துப் போட்டால், நாளைக்கு ஒரு வாரிசு வந்து நிற்கும்போது உங்கள் கையில் என்ன இருக்கும்?

கொள்கையில் எழுத வேண்டியது உண்மையில் கொஞ்சம்தான். பொருள் எப்படி வந்தது, யாருக்குச் சொந்தம் என்று காட்டும் சேர்க்கைப் பதிவேடு, நன்கொடைக் கடிதம், வாங்கிய ரசீது, ஏற்றுமதி அனுமதி எல்லாம் நிரந்தரம், அதுவும் மூலத்தாளாகவே. கலைப்பொருள் கடத்தலைத் தடுக்க வந்த யுனெஸ்கோவின் 1970 உடன்படிக்கைக்குப் பிறகு பொருளின் பூர்வீகத்தைக் காட்டு என்று கேட்பது வழக்கமாகிவிட்டது, அதற்குப் பதில் இந்தத் தாள்களில்தான் இருக்கிறது. பில், வருகைப் பதிவு, கூட்ட அழைப்பு போன்றவை சட்டம் சொல்லும் காலம் முடிந்ததும் போகலாம்.

பலர் சறுக்குவது சேகரிப்பிலிருந்து நீக்கிய பொருளின் கோப்பில். பொருளே போய்விட்டது, கோப்பு எதற்கு என்று தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். பொருள் கையில் இல்லாதபோதுதான் அந்தக் கோப்பு கூடுதலாகத் தேவை, ஏனென்றால் விற்றோமா, வேறு அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தோமா, களவு போனதா, யார் ஒப்புதல் தந்தார்கள் என்ற கேள்வி எத்தனை வருடம் கழித்தும் வரும், அப்போது பதில் சொல்ல வேறு எதுவும் மிஞ்சியிருக்காது. பதிவேட்டில் அந்த வரியை அழிக்காமல், ஒற்றைக் கோடு போட்டு, தேதியும் காரணமும் எழுதுங்கள். அந்தப் பொருளின் பதிவு எண்ணை இன்னொரு பொருளுக்குக் கொடுக்கவே கூடாது.

அப்புறம், ஸ்கேன் செய்ததை வைக்க அவர்கள் தரும் மென்பொருள். ஒப்பந்தம் முடிந்தால் எங்கள் பதிவுகளையும் படங்களையும் வேறு எந்த மென்பொருளிலும் திறக்கும் வடிவத்தில் திருப்பித் தருவீர்களா என்று எழுத்தில் கேளுங்கள். மழுப்பினால் அனுப்பிவிடுங்கள்.

அவர்கள் எழுதித் தருகிற கொள்கையும் வேண்டாம். ஆய்வுக்கு வருகிறவர்கள் கொள்கை இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள், அதனால்தான் பெயரை மட்டும் மாற்றிய ஒரே நகல் எல்லா இடத்திலும் சுற்றுகிறது. முகப்பில் ஐஎஸ்ஓ 15489 என்று, ஆவண மேலாண்மைக்கான சர்வதேசத் தரநிலையின் பெயரைப் போட்டிருப்பார்கள். எந்தத் தாளை எத்தனை வருடம் வைப்பது என்ற பட்டியல் அந்தத் தரநிலையில் கிடையாது, அதை நீங்கள்தான் உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டும். குழுவின் ஒப்புதலுக்கு வைக்கும்போது, காப்பாளர், கணக்காளர் இருவரும் கையெழுத்திட்ட பட்டியல் இல்லாமல் ஒரு தாள்கூட அழிக்கப்படாது என்ற வரியையும் சேர்த்துவிடுங்கள்.