அரிச்சல்முனையில அழுதது – கடிதம்

அண்ணா வணக்கம்,

நான் திருச்சி, பேங்க்ல வேலை. கோயில் குளம்னு ரொம்ப அலையுறவ இல்லை, அம்மா விளக்கேத்துனா நின்னு கும்பிட்டுக்குவேன், அவ்வளவுதான். போன டிசம்பர்ல குடும்பத்தோட ராமேஸ்வரம் போனோம். 22 தீர்த்தமும் ஆடிட்டு துணி மாத்திக்கிட்டு க்யூல நின்னு சாமி பார்த்தோம். உண்மையைச் சொல்றேன், பிள்ளைங்க பசிக்குதுன்னு நச்சரிக்க, எப்படா வெளிய வருவோம்னுதான் இருந்துச்சு. மறுநாள் காலையில தனுஷ்கோடிக்கு அந்தாண்ட நிலம் முடியுற அரிச்சல்முனை. ஒரு பக்கக் கடல் குளம் மாதிரி கிடக்கு, இன்னொரு பக்கம் அடிச்சுக்கிட்டு கிடக்கு, நடுவுல அந்த மணல் முடியுற இடத்துல நின்னேன், சூரியன் வந்துச்சு. ஏன்னே தெரியலை, அழுதுட்டேன். யாரோ பக்கத்துல வந்து நிக்கிற மாதிரி இருந்துச்சு. திரும்புற வழியில ஆட்டோக்கார அண்ணன் இடிஞ்ச சர்ச்சைக் காட்டி, 1964 புயல்ல ரயிலோட போன ஜனங்களைப் பத்திச் சொன்னார். எனக்கு மனசே விட்டுப் போச்சு. நான் கடவுள்னு நெனைச்சு அழுத அதே கடல்தானே அத்தனை பேரையும் இழுத்துட்டுப் போச்சு? வீட்டுக்காரர் "அழகா இருந்துச்சு, எமோஷன் ஆயிட்ட, இதுல சாமி எங்க வந்தாரு"ங்கிறார். ஊருக்கு வந்து மூணு மாசத்துல அந்த உணர்வும் போயிருச்சு. அது பொய்தானா அண்ணா?

– ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

ரெண்டு வாரமா உங்க கடிதத்தைத் திரும்பத் திரும்ப எடுத்துப் படிச்சுக்கிட்டு இருந்தேன், உடனே பதில் எழுத மனசு வரலை. முதல்ல ஒண்ணு சொல்லிடுறேன், அது பொய் இல்லை. பொய்யா இருந்தா அந்த ஆட்டோக்காரர் சொன்னது உங்களை இவ்வளவு உலுக்கியிருக்காது, பாவம்னு ஒரு உச்சுக் கொட்டிட்டு அடுத்த ஸ்பாட்டுக்குப் போயிருப்பீங்க. உங்களுக்கு வலிச்சுதுன்னா அங்க உங்க நெஞ்சு உண்மையிலேயே திறந்திருந்துச்சுன்னு அர்த்தம்.

இப்ப அந்த ராத்திரிக்கு வர்றேன், அதைத் தாண்டிப் போக முடியாது. தனுஷ்கோடி அப்ப ஒரு பெரிய ஊர். 1914ல இருந்து மெட்ராஸ்ல ரயில் ஏறி தனுஷ்கோடில இறங்கி, கப்பல்ல தலைமன்னார் போய், அங்கிருந்து கொழும்புக்கு ரயில். போட் மெயில்னு பெரியவங்க சொல்வாங்க. ஸ்டேஷன், கஸ்டம்ஸ் ஆபீஸ், போஸ்ட் ஆபீஸ், ஸ்கூல், சர்ச் எல்லாம் இருந்த ஊரு. 1964 டிசம்பர் மாசம் அந்தமானுக்குத் தெற்க உருவான புயல் இலங்கையைக் கடந்து 22ஆம் தேதி ராத்திரி இங்க வந்துச்சு, 20 அடிக்கு மேல அலை. பாம்பன்ல இருந்து ராத்திரி கிளம்புன பாசஞ்சர் ரயில் ஊருக்குள்ள நுழையுறதுக்குள்ளயே கடலுக்குள்ள போச்சு, அதுல மட்டும் 100 பேருக்கு மேல. அதுக்கப்புறம் மனுசங்க வாழத் தகுதியில்லாத இடம்னு அரசாங்கமே அறிவிச்சிருச்சு.

இதை தெய்வ குத்தம், ஊரு பாவம் பண்ணிருச்சுன்னு சொல்ற ஆளுங்களை நானே நேர்ல பார்த்திருக்கேன். எனக்கு அந்தப் பேச்சு அறவே ஆகாது. தூங்கிக்கிட்டிருந்த பிள்ளை என்ன பாவம் பண்ணுச்சு? கடவுளைக் காப்பாத்துறேன்னு செத்தவங்க மேல பழி போடுறது மாதிரி ஒரு நிந்தனை வேற இல்லை. அந்த ராத்திரி ஏன் நடந்துச்சுன்னு கேட்டா என்கிட்ட பதில் கிடையாது, பதில் இருக்குன்னு சொல்றவங்களை நம்புறதும் இல்லை.

ஆனா கடலைப் பத்தி ஒண்ணு சொல்லலாம். அங்க மீனவங்க வடக்குப் பக்கத்தை பெண்கடல்ங்கிறாங்க, தெக்குப் பக்கத்தை ஆண்கடல்ங்கிறாங்க, ஒண்ணு அமைதி, ஒண்ணு ஆக்ரோஷம்னு கைடுங்களும் அதையே சொல்லிக் காட்டுவாங்க. ஆனா வாடைக்காத்து அடிக்கிற மாசத்துல போனா தலைகீழா இருக்கும், பெண்கடல்தான் பொங்கும், தெக்க அடங்கிக் கிடக்கும். நீங்க டிசம்பர்ல போனதால நீங்க பார்த்த ஆர்ப்பாட்டம் அனேகமா பெண்கடலோடதுதான். அதனால கடல் நல்லது கடல் கெட்டதுன்னு நாம முடிவு கட்டவே முடியாது, அது காத்து சொல்றபடி நடக்குது, அதை சாமியா நிக்க வச்சா அது பண்ணுனதுக்கெல்லாம் சாமிதான் பதில் சொல்லணும். அப்ப உங்க பக்கத்துல வந்து நின்னது யாருன்னு கேப்பீங்க.

நான் முதல்ல அங்க போனது 2012ல. ரோடு 2017லதான் வந்துச்சு, அப்பல்லாம் முகுந்தராயர் சத்திரத்துல இறங்கி வேன்ல ஏறணும், வேன் மணல்லயும் தண்ணியிலயுமா குலுக்கிக் குலுக்கிக் கொண்டு போய் விடும், முதுகு ரெண்டா போயிரும். எனக்கு அப்ப வீட்டுல ஒரு பெரிய இழப்பு, அதை இங்க விவரமா எழுத விரும்பலை. சாமி மேல கோபம். அதனாலயே கோயிலுக்குள்ள போகாம நேரா கடலுக்குப் போனேன். சூரிய உதயமும் பார்த்தேன், எனக்கு ஒண்ணுமே தோணலை, சகோதரி. உங்களுக்குக் கிடைச்சது எனக்குக் கிடைக்கலை. நல்லா வெயில் ஏறிருச்சு, கொண்டு போன தண்ணி தீர்ந்து போச்சு, சர்ச்சுக்குப் பின்னாடி குடிசைங்க பக்கமா நடந்தேன்.

அங்க ஒரு பாட்டியம்மா மணல்ல குத்த வச்சு உக்காந்திருந்தாங்க. முன்னாடி ஒரு குழி, முழங்கை ஆழம்கூட இருக்காது. அதுக்குள்ள கையை விட்டு சிரட்டையில கொஞ்சம் கொஞ்சமா அள்ளி குடத்துல ஊத்துறாங்க. ரெண்டு சிரட்டை அள்ளுவாங்க, நிறுத்துவாங்க, சும்மா பார்த்துக்கிட்டு இருப்பாங்க, குழியோட ஓரத்துல மணல் லேசா கருத்து, பளபளன்னு ஆகி, கண்ணாடி மாதிரி ஒரு மெல்லிசான தண்ணி ஊறி வரும், மறுபடி அள்ளுவாங்க. கடல் அங்கருந்து கூப்பிடு தூரம். ரெண்டு பக்கமும். "குடிக்கலாமா ஆத்தா"ன்னேன். "நாங்க குடிக்கலையா, குடி"ன்னு சிரட்டையை நீட்டுனாங்க. இனிப்பு. சர்க்கரை இனிப்பு இல்லை, தாகத்துக்கு மட்டும் தெரியுற ஒரு இனிப்பு. அவசரத்துல நானே குழியை இன்னும் ஆழமாத் தோண்டப் போனேன், கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. "ஆழத் தோண்டுனா உப்பாயிரும்ப்பா, அது பாட்டுக்கு ஊறட்டும்"னாங்க.

தோண்டத் தோண்ட ஊறும் மணற்கேணின்னு பள்ளிக்கூடத்துல படிச்சவன் நான், எனக்கு அது புதுசு. அப்புறம் விசாரிச்சப்பதான் புரிஞ்சுது. மழைத்தண்ணி மணல்ல இறங்கி கீழ இருக்குற உப்புத்தண்ணி மேல மிதக்குது, நல்ல தண்ணி எடை கம்மி, அதனால மேலயே நிக்குது, ஆழமாப் போனாலோ ஒரேயடியா இறைச்சாலோ அடியில இருக்குற உப்பு ஏறி வந்துரும். இதுல மர்மம் எதுவும் இல்லை, சயின்ஸ்தான். ஆனா அந்த சிரட்டையைக் கையில வச்சுக்கிட்டு நான் அன்னிக்கு அழுதேன். ஊரையே முழுங்குன மண்ணு, அதே மண்ணு அந்தக் கிழவிக்குத் தினமும் ஒரு குடம் தண்ணி குடுக்குது, புயலுக்கு அப்புறமும் குடுக்குது. எனக்குப் பக்கத்துல யாரோ நின்னாங்கன்னா அது அப்பதான்.

அப்பர் பதிகம் ஒண்ணு உங்களுக்கும் தெரிஞ்சிருக்கும், மாசில் வீணையும் மாலை மதியமும்னு தொடங்குமே, சின்னப் பிள்ளையில எல்லாரும் மனப்பாடம் பண்ணுனது. வீணை, சாயங்கால நிலா, தென்றல், இளவேனில், வண்டு மொய்க்குற பொய்கை. டூர் போன எடத்துல உக்காந்து பாடுன மாதிரி இருக்குல்ல? ஆனா பல்லவ ராஜா அவரைச் சுண்ணாம்புக் காளவாய்க்குள்ள போட்டு அடைச்சப்போ உள்ள இருந்து பாடுனார்னுதான் நம்ம பெரியவங்க சொல்லிட்டு வர்றாங்க. வெந்து போற எடத்துல நின்னுக்கிட்டு நிலாவையும் தென்றலையும் சொல்றார். இன்னொண்ணு கவனிங்க, நிலாதான் ஈசன்னு அவர் சொல்லலை, "போன்றதே"ன்னு சொல்றார், அவனோட பாதத்து நிழல் இதெல்லாம் மாதிரி இருக்குன்னு. நிழல்ங்கிறார் பாருங்க. ஏசி ரூம்ல இருக்குறவனுக்கு நிழல் எதுக்கு, வெயில்ல நிக்கிறவனுக்குத்தான அது தெரியும். அரிச்சல்முனையில நீங்க பார்த்த சூரியன் சாமி இல்லை, கடலும் இல்லை, அதெல்லாம் "போன்றதே". யாரு மாதிரின்னு உங்க நெஞ்சுக்குத் தெரிஞ்சுது, கண்ணு கலங்கிருச்சு. அந்த ரயில்ல போனவங்களுக்காக மறுபடி கலங்குச்சே, அது முதல் அழுகைக்கு எதிரி இல்லை, ரெண்டும் ஒரே ஊத்துலருந்து வந்ததுதான்னு எனக்குப் படுது.

வீட்டுக்காரரோட இதுக்காக சண்டை போடாதீங்க, அவர் சொல்றதும் தப்பில்லை, எமோஷன்தான். தாகமும் உடம்புல நடக்குற விஷயம்தான், அதனால தண்ணி பொய்யாகிருமா.

மூணு மாசத்துல போயிருச்சுன்னு எழுதியிருந்தீங்க. போட்டோவை எடுத்து எடுத்துப் பார்த்து அந்த உணர்வை மறுபடி வரவைக்க முயற்சி பண்ணியிருப்பீங்க, நானும் பண்ணியிருக்கேன், உப்புதான் வரும். விட்டுருங்க, ஊறட்டும்.

கடைசியா, நீங்க அவசர அவசரமா முடிச்சுட்டு வந்த அந்த 22 தீர்த்தம். பெரும்பாலும் கிணறுங்கதான், கடலுக்கு எதுக்க இருக்குற கோயில்ல, அதே தீவு மணலுக்குள்ள. வாளி வாளியா உங்க தலையில ஊத்துனாங்களே, வாயில பட்டிருக்குமே, அக்னி தீர்த்தம்ங்கிற அந்தக் கடல்ல முங்குன கொஞ்ச நேரத்துலதான் இது, உப்பு கரிச்சுதா? நான் 2012ல கோபத்துல கோயிலுக்குப் போகாம வந்தவன், அடுத்த வருசம் போய் ஒவ்வொரு கிணத்துலயும் ஒரு வாய் குடிச்சுப் பார்த்தேன், ஒண்ணு மாதிரி ஒண்ணு இல்லை. பிள்ளைங்களுக்கு லீவு விட்டதும் ஒரு நடை போயிட்டு வாங்க, முன்னாடியே அதுகளுக்கு இட்லி வாங்கிக் குடுத்துருங்க, க்யூல நச்சரிக்காது. போயிட்டு வந்து எழுதுங்க.

அன்புடன்