வாசகர் கேள்வி – பதில்: மலைக்காட்டில் பறவை தேடி நடப்போருக்கு

கேள்வி: வெப்பமண்டல மலைக்காடு ஒன்றில் காலை முழுவதும் நடந்தும் ஒரு பறவைகூடக் கண்ணில் படவில்லை. பிறகு ஒரு திருப்பத்தில் பல இனங்கள் ஒன்றாக வந்து, அடையாளம் காண்பதற்குள் மறைந்துவிட்டன. இது ஏன்?

பதில்: நீங்கள் பார்த்தது கலப்புக் கூட்டம். இத்தகைய காடுகளில் பூச்சி உண்ணும் பறவைகள் பல தனியே இரை தேடுவதில்லை. வெவ்வேறு இனங்கள் கூடி, காட்டின் ஒரு பகுதியைச் சலித்தபடி நகர்கின்றன. கண்கள் பலவாக இருந்தால் இரைகொல்லிப் பறவை வருவது முன்னதாகவே தெரிந்துவிடும். ஒரு பறவை கலைக்கும் பூச்சி இன்னொன்றுக்கு இரையாகவும் கூடும். இலங்கையின் சிங்கராஜக் காட்டில் நெடுங்காலம் நடந்த ஆய்வுகளில், சிலம்பன்களும் துடுப்புவால் கரிச்சானும் இத்தகைய கூட்டங்களின் மையமாக விளங்குவது தெரியவந்தது. அக்கரிச்சான் மற்ற இனங்களின் குரலைப் போலவே ஒலி எழுப்ப வல்லது என்பது எனக்கு இன்றும் வியப்பளிக்கும் செய்தி.

கூட்டம் கடந்துபோன இடமும், அது இன்னும் வந்து சேராத இடமும் வெறிச்சோடியே இருக்கும். எனவே அதிக தூரம் நடப்பதால் அதிகப் பறவைகளைக் காணலாம் என்ற எண்ணத்தைக் கைவிடுங்கள். மெல்ல நடந்து, அடிக்கடி நின்று, மெல்லிய ஒலிகளுக்குக் காது கொடுங்கள். கூட்டம் வந்ததும் அதன் பின்னால் ஓடாமல் நின்ற இடத்திலேயே நின்று, ஒவ்வொரு பறவையும் எந்த அடுக்கில் இரை தேடுகிறது என்பதை முதலில் பாருங்கள். பாசி படர்ந்த அடிமரத்தில் ஏறுவது, இலைக்கொத்தின் அடிப்புறத்தைத் துழாவுவது, உச்சிக் கிளையில் அமர்ந்து பறக்கும் பூச்சியைப் பிடிப்பது என்று பிரித்துக்கொண்டால், நிறம் தெளிவாகத் தெரியாத மங்கலான ஒளியிலும் இனத்தை ஓரளவு நெருங்கிவிடலாம்.

கேள்வி: எங்களுக்குக் கிடைப்பது சில நாட்களே. அரிய பறவைகளுக்காக நேராக உச்சிக்கு ஏறிவிடலாமா?

பதில்: ஏற வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. ஒவ்வொரு 1,000 மீட்டர் ஏற்றத்துக்கும் வெப்பநிலை ஏறத்தாழ 6 டிகிரி செல்சியஸ் குறைகிறது. வெப்பமண்டலத்தில் ஓர் உயரத்தின் வெப்பநிலை ஆண்டு முழுவதும் அதிகம் மாறுவதில்லை. ஆதலால் அங்கு வாழும் உயிர்கள் குறுகிய வெப்ப எல்லைக்குள் பழகியிருக்கும், அவற்றுக்கு ஒரு மலை பெரிய தடையாக அமையும் என்று சூழலியல் அறிஞர் டேனியல் ஜான்சென் 1967-இல் வாதிட்டார். பறவைகளிலும் இதன் சாயல் தெரிகிறது: பல இனங்கள் சில நூறு மீட்டர் அகலமுள்ள உயரப் பட்டைக்குள் அடங்கி வாழ, அதற்கு மேல் அவற்றின் நெருங்கிய உறவினங்கள் இடம்பிடிக்கின்றன. விரைந்து ஏறுபவர் இடையிலுள்ள ஒரு முழுச் சமூகத்தையே பார்க்காமல் போகிறார்.

இந்தப் பட்டைகளும் இப்போது நகர்கின்றன. நியூகினியின் கரிமுய் மலையிலும் கார்கார் தீவிலும் 1960-களில் பறவை ஆய்வாளர் ஜாரெட் டயமண்ட் பதிவு செய்த பறவைகளின் உயர எல்லைகளைப் பின்னர் மீண்டும் அளந்த ஆய்வாளர்களான ஃப்ரீமன் இணையர், மேல் எல்லைகள் சராசரியாக 100 மீட்டருக்கும் மேல் உயர்ந்திருப்பதை 2014-இல் வெளியிட்டனர். பெருவின் பன்டியகோயா மலைமுகட்டில் 1985-இல் கண்ட சில இனங்களை 2017-இல் மறுபடி தேடியவர்களால் காண முடியவில்லை. அவை ஏறிச் செல்ல அதற்கு மேல் மலை இல்லை. ஆகவே, பறவையின் பெயரோடு அதைக் கண்ட உயரத்தையும் குறிப்பேட்டில் எழுதுங்கள் என்று எல்லோரையும் வேண்டிக்கொள்கிறேன். உடல்நலம் கருதியும் நிதானம் தேவை: 2,500 மீட்டருக்கு மேல் உயர நோய் (ஆக்சிஜன் குறைவால் வரும் தலைவலி, குமட்டல் போன்றவை) வரலாம், 3,000 மீட்டரைத் தாண்டிய பின், முந்தைய இரவு தங்கிய இடத்தைவிட 500 மீட்டருக்கு மேல் உயரமான இடத்தில் உறங்காமல் இருப்பது நல்லது.

கேள்வி: 8x42, 10x42 – எந்த இருநோக்கி ஏற்றது?

பதில்: 8x42. இதில் முதல் எண் உருப்பெருக்கத்தையும், அடுத்தது முன்வில்லையின் விட்டத்தை மி.மீ. அளவிலும் குறிக்கும். கண்ணுக்கு வந்து சேரும் ஒளிக்கற்றையின் விட்டம் அதில் 5.25 மி.மீ., மற்றதில் 4.2 மி.மீ. அடர்ந்த நிழலில் இந்த வேறுபாடு நன்றாகத் தெரியும். பார்வைப் பரப்பும் பொதுவாக அகன்றிருப்பதால் இலைகளுக்கிடையே தாவும் பறவையைப் பிடிப்பது எளிது. உள்ளே பனிமூட்டம் படியாதவாறு நைட்ரஜன் நிரப்பப்பட்டதா என்று கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: அட்டைக் கடிக்கு என்ன செய்வது?

பதில்: கடித்துக்கொண்டிருக்கும் அட்டையின் மேல் உப்பு தூவுவதும் தீயால் சுடுவதும் தவறு, அது குடித்ததைக் காயத்துக்குள்ளேயே கக்கிவிடக் கூடும். வாய்ப்புறத்தின் அடியில் நகத்தைச் செலுத்தி மெல்ல விடுவித்து, காயத்தைக் கழுவி அழுத்திப் பிடியுங்கள். இரத்தம் உறைவதை அதன் உமிழ்நீர் தடுப்பதால் கசிவு சற்று நீடிக்கும், அஞ்ச வேண்டியதில்லை.

கேள்வி: பதிவு செய்த குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைப்பது சரியா?

பதில்: என் மனம் இதை ஏற்கவில்லை. தன் எல்லைக்குள் வேறொரு பறவை புகுந்துவிட்டது என்று நம்பித்தான் அது வெளியே வருகிறது. அந்த நேரத்தில் இரை தேடுவதையும் கூட்டையும் விட்டுவிட நேரலாம். ஈக்வடாரில் இரண்டு இனங்களை வைத்து நடத்தி 2013-இல் வெளியான ஆய்வில், ஒலியைக் கேட்ட பின் இரண்டுமே கூடுதலாகக் குரல் கொடுத்தன. அவற்றுள் ஒன்றுக்கு நாள்தோறும் ஒலிக்கவிட்டபோது அதன் மறுமொழி நாளடைவில் குறைந்தது. பழகிவிடும் என்பதால் தீங்கில்லை என்று சிலர் இதைக் கொண்டு வாதிடுகின்றனர். ஒரு பறவை பழகுவதற்குள் அது இழந்த ஆற்றலுக்கு யார் கணக்கு வைப்பது? இனப்பெருக்கக் காலத்திலும், அருகிவரும் இனங்களிடமும், பலர் வந்துபோகும் பாதைகளிலும் இதை அறவே தவிர்க்க வேண்டும்.

மாறாக, பறவை தானாகப் பாடும்போது கைப்பேசியிலேனும் பதிவு செய்து, 2005 முதல் இயங்கிவரும் ஸெனோ-கேன்டோ இணையதளம் போன்ற பொது ஒலித்தொகுப்பில் இடம், நேரம், உயரம் ஆகிய விவரங்களோடு சேர்த்துவிடுங்கள். கூடு இருக்கும் இடத்தை மட்டும் வெளியிட வேண்டாம்.