துரோகி என்றொரு சொல்

மதிப்பிற்குரிய ஐயா,

2022 மலேசியப் பொதுத்தேர்தலின்போது என் அண்ணன் குடும்பப் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் எதிரணியை ஆதரித்து எழுதினார். நான் அவரைத் துரோகி என்றேன். அன்றிலிருந்து பேச்சுவார்த்தை இல்லை. தை மாதம் என் மகளுக்குத் திருமணம். அவரை அழைக்கத்தான் வேண்டுமா? தைப்பூசத்துக்கே இரண்டு ரதம் இழுக்கும் நம் சமூகம் என்றைக்காவது ஒன்றுபடுமா? அவர் பகிர்ந்த காணொளியை இணைத்துள்ளேன்.

செந்தூல் வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

ரதங்களை விடுங்கள். பினாங்கில் செட்டியார்களின் வெள்ளி ரதத்தோடு 2017 முதல் இந்து அறப்பணி வாரியத்தின் தங்க ரதமும் ஓடுகிறது. இரண்டுக்கும் தேங்காய் உடைத்துவிட்டுத்தான் சனங்கள் முருகன் கோயில் இருக்கும் தண்ணீர்மலை ஏறுகிறார்கள்.

என்னை உறுத்தியது நீங்கள் அவ்வளவு எளிதாக எழுதிவிட்ட அந்த ஒரு சொல்தான். சில நாட்களாக நானும் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

என் பெரியப்பா, அப்போது ஆளுங்கூட்டணியான தேசிய முன்னணியில் இருந்த ம.இ.கா.வின் (மலேசிய இந்தியர் காங்கிரஸ்) கிளைத் தலைவர். சித்தப்பா 2007 நவம்பர் 25 அன்று கோலாலம்பூரில் இந்தியர் உரிமை கேட்டு அரசுக்கு எதிராக நடந்த ஹிண்ட்ராஃப் பேரணிக்குப் போய், கண்ணீர்ப்புகையில் சிவந்த கண்களோடு பினாங்கு திரும்பினார். தம்பி ஒரு குவளைத் தண்ணீரைக் குடித்து முடிக்கும்வரைகூடப் பொறுக்காமல் பெரியப்பா அந்தச் சொல்லைச் சொன்னார். இருவரும் இருபது ஆண்டுகளாகச் சேர்ந்து போட்ட தண்ணீர்ப் பந்தல் அடுத்த தைப்பூசத்தில் இரண்டானது. ஒரே தெரு, நாற்பதடி இடைவெளி, இரண்டிலும் அதே ரோஸ் சிராப் கலந்த பால், ஒரே கடையில் வாங்கிய ஐஸ்கட்டி. பாட்டி இங்கே அரைக் குவளையும் அங்கே அரைக் குவளையும் குடித்தார். அவருக்குச் சர்க்கரை நோய் வேறு.

தமிழில் வாக்கு என்பதற்கு இரண்டு பொருள் உண்டு. கொடுத்த வாக்கை மீறினால் துரோகம். போடுகிற வாக்கு எவருக்கும் எழுதிக் கொடுத்த பத்திரம் அல்ல. இன்ன சின்னத்துக்குத்தான் போடுவேன் என்று உங்கள் அண்ணன் உங்களிடம் சத்தியம் செய்திருந்தாரா? இந்நாட்டின் 222 நாடாளுமன்றத் தொகுதிகளில் ஒன்றில்கூட இந்தியர்களாகிய நாம் பெரும்பான்மை இல்லை. போட்டி கடுமையாக உள்ள இடங்களில் நம் சிறு எண்ணிக்கை தேவைப்படுவதால், நமக்கு என்ன செய்வோம் என்று சொல்வதைவிட மற்ற அணி நமக்கு என்ன துரோகம் செய்தது என்று சொல்வதே மலிவு என்பதை எல்லா மேடைகளும் கண்டுகொண்டுவிட்டன. மேடைக்காரர்களுக்கு அது பிழைப்பு. மகளுக்குத் திருமணம் செய்து வைக்கும் வயதில் அதை வீட்டுக்கூடத்துக்குச் சுமந்து வந்த உங்களுக்கு என்ன கூலி கிடைத்தது?

பெரியப்பாவின் தேசிய முன்னணியும் சித்தப்பா பிற்பாடு ஆதரித்த எதிரணிக் கூட்டணியான பக்காத்தானும் 2022இல் ஒரே அரசாங்கத்தில் அமர்ந்தன. அதைப் பார்க்கப் பெரியப்பா இல்லை. அவர் இறந்த அன்று சித்தப்பா தெருமுனைக் காப்பிக்கடையில் உட்கார்ந்திருந்தார். நான் போய் அழைத்தேன். “அண்ணன் கூப்பிடலையே” என்றார்.

பத்திரிகையைத் தபாலில் அனுப்பாமல் நேரில் கொண்டுபோய்க் கொடுங்கள். அண்ணி காப்பி தந்தால் மறுக்காமல் குடியுங்கள். காணொளியை நான் திறக்கவில்லை, அழித்துவிட்டேன்.