ராம்ப் இருக்கிறது, ஏற முடிகிறதா?

கேள்வி: பெரம்பூரில் தரைத்தளத்தில் பல் கிளினிக் நடத்துகிறேன். 2015 வெள்ளத்துக்குப் பிறகு தரையை 2 அடி உயர்த்தி, மேஸ்திரியை வைத்து ராம்ப்பும் போட்டோம். இப்போது ஒருவர், கிளினிக்கில் மாற்றுத்திறனாளிகள் வந்துபோக வசதி இருக்கிறது என்ற சர்டிஃபிகேட் இல்லாவிட்டால் சீல் வைத்துவிடுவார்கள், 40,000 ரூபாய் கொடுத்தால் வாங்கித் தருகிறேன் என்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். இந்த ஆட்கள் கையில் ஃபைல் இருக்கும், இஞ்ச் டேப் இருக்காது.

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் உங்கள் கிளினிக்குக்கும் பொருந்தும், உண்மைதான். ஆனால் மீறினால் அது சொல்வது அபராதம்: முதல் முறை 10,000 ரூபாய் வரை, மறுபடியும் என்றால் 50,000 முதல் 5 லட்சம் வரை. பழைய கட்டடங்களைச் சரிசெய்யக் கொடுத்த ஐந்து வருடக் கெடு 2022 ஜூனிலேயே முடிந்துவிட்டது. அரசு அலுவலக ராம்ப்பிலேயே பைக் நிற்கிறது. அதை யார் கேட்பது?

சரி, உங்கள் ராம்ப்புக்கு வருவோம். 1 அடி உயரத்துக்குக் குறைந்தது 12 அடி நீளம் வேண்டும். உங்களுக்கு 24 அடி, நடுவில் ஒரு சமதளம், இரண்டு பக்கமும் கைப்பிடி. நம் மேஸ்திரிகள் கேட் வந்ததும் ஆறடியில் முடித்துவிடுவார்கள். அதில் சக்கர நாற்காலி ஏற இரண்டு பேர் தள்ள வேண்டும். இறங்கும்போது நாற்காலி நேராகத் தெருவுக்குப் போகும். மடக்கு ராம்ப் விற்க வருகிறவருக்கும் இதே கணக்குதான்.

முன்வாசலில் இடமில்லையா? பக்கவாட்டுச் சந்தில் போடலாம். இந்த ஒரு சலுகையைத்தான் எல்லோரும் கெடுக்கிறார்கள். அகலம் ஐந்தடி இருந்தால் நல்லது, நாலுக்குக் கீழே வேண்டாம். அந்தக் கதவு கிளினிக் நேரம் முழுவதும் திறந்திருக்க வேண்டும்; 'சாவி வாட்ச்மேனிடம் இருக்கிறது' என்பது வழியே இல்லை. முன்வாசலில் அம்புக்குறி போட்ட போர்டு வேண்டும். ஜெனரேட்டர், குப்பைத்தொட்டி, செருப்பு ஸ்டாண்டு எதுவும் அங்கே வரக்கூடாது. சந்தும் இல்லையென்றால், நாற்காலியோடு ஏறும் சின்ன லிஃப்ட்தான்.

அப்புறம் கதவு. நிலையை அளக்காதீர்கள், கதவைத் திறந்துவைத்து, நடுவில் மிஞ்சும் இடைவெளியை அளங்கள். 900 மில்லிமீட்டர், அதாவது மூன்றடி வேண்டும். டாய்லெட் கதவு வெளிப்பக்கம் திறக்கட்டும். உள்ளே நாற்காலி திரும்ப ஐந்தடி வட்டம் வேண்டும்.

இதையெல்லாம் முதலில் நீங்களே அளந்து எழுதிவையுங்கள். பிறகும் இந்த வசதிகளை வெளியாள் ஒருவர் சரிபார்க்கும் ஆடிட் வேண்டுமென்றால், சக்கர நாற்காலியில் இருக்கும் ஒருவரையும் அழைத்துவந்து, இடத்துக்கு இடம் அளவும் போட்டோவுமாக அறிக்கை தருகிறவரிடம் பணத்தைக் கொடுங்கள்.